முழிவியளம் பார்த்த விமானி

அந்த வெள்ளைக்கார விமானி இறந்த செய்தியைப் பேப்பரில் படத்தோடு போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் புதுவகை யுத்த விமானம் ஒன்றை முதன்முதலாக ஏற்றிப் பார்க்கையில் அது வானத்திலேயே உடைந்துவிட்டதாம். பயமே அறியாதவர் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அவரைப் போன்ற ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. ஏணி சாத்தியிருந்தால் அதன் கீழே போகமாட்டார். பதின்மூன்றாந் திகதி வெள்ளிக்கிழமையில் வந்தால் வயிற்றுக்குத்து என்று சொல்லிப் படுத்துவிடுவார். ஆனால் மற்றவர்கள் தொடப் பயந்த விமானத்தில் தனியாக ஏறுவார். அது வேறு விஷயம்.

உலக யுத்த காலத்தில் பலாலியில் விமானத்தளம் போட்டார்களே, அங்கேதான் அவருக்கு வேலை. பழுதுபார்த்த விமானங்களை மற்றவர்கள் ஓட்டுமுன் மேலே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பார். பழக்காத நாம்பன் மாட்டை வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்ப்பது போல என்று ஊரவர்களுக்கு விளக்கம் சொல்லியிருந்தேன். ஊரில் ஆங்கிலம் படிப்பித்த வாத்தியார் நான்தான் என்பதால் இப்படியான விளக்கங்கள் என் தலையில் விழும். அவர் கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். காலையில் மோட்டார் சைக்கிளில் நீர்வேலியால் போவார். எங்கள் வீட்டு வாசல் படலை அந்தத் தெருவைப் பார்த்தபடி இருந்தது.

எங்கள் வீடு என்றால், என் மனைவியின் வீடு. நான் கொக்குவிலில் பிறந்து நீர்வேலியில் சம்பந்தம் செய்தவன். அந்த வீட்டில் மாமா, மாமியோடு என் மனைவியின் தமக்கை, என் மச்சாளும் இருந்தாள். மச்சாளின் புருஷன் மலாயாவில் கிளாக்கர். காய்ச்சலில் போய்விட்டான். வெள்ளைச் சேலையோடு கப்பலில் திரும்பி வந்தபோது அவளுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை.

வெளியே புறப்படுகிறவன் முதலில் யாரைக் காண்கிறான் என்பதுதான் முழிவியளம். நிறைகுடத்தோடு சுமங்கலி வந்தால் போன காரியம் பலிக்கும். கைம்பெண் வந்தால் திரும்பிவந்து, சற்று இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். அதனால் யாராவது புறப்பட்டால் மச்சாள் தானாகவே அடுக்களைக்குள் மறைந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதுகூட என் சைக்கிள் மணி தெருவில் கேட்ட பிறகுதான் வெளியே வருவாள். இது என்ன நியாயம் என்று மாமாவைக் கேட்டேன்.

"நீர் கொக்குவில் ஆள், தம்பி. உமக்கு உதுகள் விளங்காது," என்றார்.

கொக்குவிலுக்கும் நீர்வேலிக்கும் நடுவில் ஏதோ கடல் கிடப்பது போல.

ஒருநாள் காலை மச்சாள் படலையடியைக் கூட்டிக்கொண்டு நிற்க, மோட்டார் சைக்கிள் வழக்கத்துக்கு முந்தி வந்துவிட்டது. ஒளிக்க நேரமில்லை. அவர் நேருக்கு நேர் கண்டு கையையும் உயர்த்திவிட்டார். ஆகாயத்தில் ஏறப்போகிற மனிதன் தன் முகத்தில் முழித்துவிட்டானே என்று மச்சாளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கையைக் காட்டி மறித்தாள். கிணற்றடிக்கு ஓடி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பாவம், தன்னைக் கண்ட தோஷம் கழியக் கொடுத்தாள். அவர் உபசாரம் என்று நினைத்துக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று விமானத்தின் எஞ்சின் நடுவானத்தில் நின்றுவிட்டது. கீறல்கூட இல்லாமல் அதை இறக்கிவிட்டார். மறுநாள் எங்கள் படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. அந்த அம்மா கையால் தண்ணீர் வேண்டும், வேறு யார் கொடுத்தாலும் சரிவராது என்றார். மச்சாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அவருக்கு விளங்கப்படுத்துங்கோ. நான் முழிவியளத்துக்கு ஆகாதவள் எண்டு சொல்லுங்கோ. பாவம், அந்த மனுசன் தெரியாமல் வந்து நிக்குது."

சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, தங்கள் ஊரில் கறுப்புப் பூனை குறுக்கே போனால் அதிர்ஷ்டம் என்றார். எங்கள் ஊரில் எந்தப் பூனை குறுக்கே போனாலும் காரியம் கெட்டது என்றேன். அப்படியானால் உங்கள் கணக்கை நீங்கள் வைத்திருங்கள், என் கணக்கில் இந்த அம்மாதான் என்னைக் கீழே இறக்கினார் என்றார். பூனையை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். மச்சாளைப் பூனையோடு சேர்த்துச் சொன்னால் என் மனைவி எனக்குச் சோறு போட்டிருக்கமாட்டாள்.

அதன் பிறகு விமானம் ஏற்றும் நாளெல்லாம் வந்தார். ஊர் கதைக்கும் என்று மாமா புறுபுறுத்தார். மாமி காவலுக்குப் பக்கத்தில் நின்றார். சில நாட்களில் செம்பை வாங்குமுன் அவர் இரண்டு மூன்று தரம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். குடித்து முடிய மச்சாளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் உயிரோடு திரும்பினார். ஊர் சும்மா விடுமா? "எங்கடை முழிவியளம் வெள்ளைக்காரருக்குப் பலியாது," என்று ஒரு தீர்ப்புச் சொல்லி முடித்துக்கொண்டது. ஆனால் மச்சாள் ஒளிப்பதை விட்டாள். நான் பள்ளிக்கூடம் புறப்படும்போது முற்றத்தில் நின்று, "குடையை விட்டிட்டுப் போறியள்," என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

பிறகு அவரைத் தங்கள் நாட்டுக்கு மாற்றினார்கள். யுத்தமும் முடிந்தது. அங்கே பெரிய பெயர் எடுத்தார் என்பதே பேப்பரில் அந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

நான் வாசித்துச் சொன்னபோது மச்சாள் படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்தாள்.

"என்ரை முகத்தைக் கண்டு சிரிச்சுக்கொண்டு போன மனுசன்," என்றாள்.

ஊர் சொன்னது. "பாத்தியளே, கடைசியிலை பலிச்சிட்டுது." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்தில் நின்று பார்த்த காலமெல்லாம் பலியாதது, ஏழு கடல் தாண்டித் தேடிப்போய்ப் பலித்ததாம். ஆனால் மச்சாளும் அதை நம்பிவிட்டாள். மறுநாளிலிருந்து நான் புறப்படும்போது முற்றம் வெறுமையாக இருந்தது.

அந்த நேரம் மாமியின் சீதனத் தென்னங்காணிக்குச் சாவகச்சேரிக் கோட்டில் எல்லை வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு நாளன்று மாமி என் மனைவியைப் பூவும் பொட்டுமாகப் படலையடியில் நிறுத்தியிருந்தார். மாமா சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். அவளைப் பார்த்தார்.

"நீ உள்ளுக்குப் போ. உன்ரை அக்காவை வரச் சொல்லு."

"உங்களுக்கென்ன விசரே?" என்றார் மாமி. "தீர்ப்பு நாளெல்லே."

அடுக்களைக்குள் இருந்து மச்சாளின் குரல் வந்தது. "நீங்கள் போட்டு வாங்கோ, ஐயா. நான் வரேல்லை."

மாமா முற்றத்து மரவாங்கில் போய் இருந்தார். தெருவில் பஸ் வந்தது, போனது. கோட்டுக்கு நேரமாகிறது என்று நான் தவித்தேன்.

"வழக்குப் போனால் போகட்டும், தம்பி," என்றார். "வெள்ளைக்காரன் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போற நாளெல்லாம் என்ரை பிள்ளையின்ரை முகத்தைப் பாத்திட்டுப் போனான். நான் நாலு தென்னைக்குப் போறன். எனக்கு என்ன வந்தது?"

மச்சாள் வந்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிமிரச் சொன்னார். நிமிர்ந்தாள். அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார், நானும் பின்னால் போனேன்.

வழக்குத் தோற்றது.

திரும்பி வர, அயலவர்கள் படலையடியில் அனுதாபத்தோடு கூடி நின்றார்கள். அந்த அனுதாபத்தின் அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மாமா நிற்கவில்லை. "என்ரை அப்புக்காத்து வாயைத் திறந்தால்தானே வழக்கு வெல்லும்," என்று சொல்லிக்கொண்டே அவர்களைக் கடந்து உள்ளே போனார். மச்சாள் அடுக்களை வாசலில் பேயறைந்த முகத்தோடு நின்றாள். மாமா சால்வையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"அப்பீலுக்குப் போறன், பிள்ளை. அண்டைக்கும் நீதான் முன்னுக்கு நிக்க வேணும்."