புரட்டாசியில் நான் மீன் வாங்கியது

இதை எழுத எனக்குப் பல வருஷம் மனசு வரவில்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் பஜனை கோஷ்டியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. புரட்டாசி மாதம் கவிச்சி பக்கமே திரும்பாதவர் என்பார்கள். அதற்காக ஒரு தடவை சால்வைகூடப் போர்த்தினார்கள். அந்தப் பெயர் போய்விடுமே என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

போன வாரம் கோஷ்டியில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க பெர்ஷியன் பூனை வளர்த்தீங்களாமே. நானும் ஒண்ணு வாங்கப் போறேன். ஆயுசுக்கும் மொத்தமா என்ன செலவு புடிக்கும்?" என்று கேட்டார். சீப்பு, மணல், டாக்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பெரிய செலவை மட்டும் விழுங்கிவிட்டேன். அவரும் புரட்டாசி விரதம் இருப்பவர் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவருடைய குட்டிக்கும் எங்கள் பூனைக்கு வந்த கதி வரக்கூடாது என்றுதான் இன்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்கு அந்தப் பூனை சும்மா வந்தது. தொண்ணூறுகளில் நான் கார் ஓட்டிய கம்பெனியின் பெரிய அதிகாரி வெளிநாட்டுக்குக் குடிபோனார். போகும்போது ஒரு கூடையில் வெள்ளைப் பூனையையும், கூடவே ஒரு காகிதத்தையும் என் கையில் கொடுத்தார். அதில் பூனையின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அவர்களைப் பெற்றவர்கள் வரைக்கும் பெயர் போட்டிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "எங்க கொள்ளுத்தாத்தா பேரு எனக்கே தெரியாது. இதுக்கு எழுதியே குடுத்திருக்காங்க" என்றாள். காகிதத்தை ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்தாள்.

சும்மா வந்ததற்கு அன்றிலிருந்து செலவுதான். தினம் சீவாவிட்டால் முடி சிக்கும் என்பதால் இரும்புச் சீப்பு வாங்கினோம். அந்தக் காலத்துப் பெங்களூரில் எங்களைப் போன்ற வீடுகளில் ஃபேனே கிடையாது. எங்கள் வீட்டுக்கு முதல் ஃபேன் வந்தது பூனைக்காகத்தான். நான், மனைவி, மகள் மூன்று பேரும் அதன் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக் காற்று வாங்கினோம். அது வெளிக்குப் போகும் மணலுக்குக் கவலையில்லை. ஊரெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது; மேஸ்திரியிடம் கேட்டால் ஒரு சட்டி கொடுப்பார். மீன் மட்டும் சிவாஜிநகர் போய் வாங்கி வருவேன்.

அதற்கு எங்கள் வீட்டில் முதல் புரட்டாசி வந்தது. அந்த மாதம் எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. "பூனையும் நம்ம வீட்டுப் புள்ளதானே, அதுக்கும் பெருமாள் பெருமாள்தான்" என்று நான்தான் சொன்னேன். தயிர் சாதம் பிசைந்து வைத்தோம். முதல் நாள் நக்கிப் பார்த்தது. பிறகு தொடவில்லை. பசித்தால் தின்னும் என்று விட்டோம். ஐந்தாம் நாள் எழுந்து நிற்கவே அதனால் முடியவில்லை. ஐந்தாவது படிக்கும் என் மகள் அதை மடியில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பூனையின் காதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே மஞ்சள் பூத்திருந்தது.

"ஏன் ஸ்வாமி, என்ன குடுக்கறீங்க இதுக்கு?"

"தயிர் சாதம் சார். புரட்டாசி."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "நானும் வெங்கடரமண ஸ்வாமி பக்தன்தான். வ்ரதம் உங்களுக்கு ஸ்வாமி, பூனைக்கு இல்ல. பூனை பட்டினி கிடந்தா ஈரல் போயிடும். மீனை வேகவெச்சு, சாறு எடுத்து, சிரிஞ்சில கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. பிழைச்சா உங்க அதிர்ஷ்டம்."

அன்று சனிக்கிழமை. நெற்றியில் நாமம் இருந்தது. அதை அழிக்கத் துணிவு வரவில்லை. அப்படியே சிவாஜிநகர் மீன் கடையில் போய் நின்று மத்தி மீனைக் கையில் எடுத்தேன். எனக்கு வழக்கமாக மீன் தரும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணா, நெத்தியில நாமம், கையில மத்தியா?"

"எங்க ஆபீஸ் ஐயாவுக்கும்மா."

"ஐயாவுக்கு நாமம் உண்டா?"

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். நான் பையைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். பூனை பிழைத்தால் மொட்டை போடுகிறேன், என் கை பட்ட பாவத்தையும் மன்னித்துவிடு என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மீனை எங்கே வேகவைப்பது? சமையலறைக்குள் விட என் மனைவிக்கு மனசில்லை. பம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். "பாவம்னா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன வாசனை வருது?" என்று கேட்டதற்கு, "மருந்து காய்ச்சறேன்" என்றாள். அவள் சொன்னதாவது உண்மை.

சாறு ஊற்ற ஆரம்பித்த ஒன்பதாம் நாள் என் மகள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பூனை தட்டில் தானாகவே மீன் தின்றுகொண்டிருந்தது. மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஏதோ கல்யாணப் பந்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

அடுத்த வாரம் நான் மட்டும் திருமலை போனேன். பூனையைப் பார்த்துக்கொள்ள மனைவியும் மகளும் வீட்டில் இருந்தார்கள். மொட்டையோடு திரும்பி வந்தால், வீட்டில் பூனையும் மொட்டை. நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்ததில் முடியெல்லாம் சடை பிடித்துவிட்டதாம். டாக்டர் மழித்து அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது என் தலையை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

"அப்பா, ரெண்டு பேருக்கும் ஒரே பார்பரா?" என்றாள் மகள். என் மனைவி சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. லட்டில் ஒரு துளி பூனைக்கு வைக்கலாமா என்றேன். "போதும், உங்க பக்தியைப் பூனைகிட்ட காட்ட வேணாம்" என்று லட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

யாருக்கு வேண்டுதல் என்று கம்பெனியில் கேட்டார்கள். குடும்பத்துக்கு என்றேன்.

அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் எங்களோடு இருந்தது. ஒவ்வொரு புரட்டாசியிலும் ஸ்டவ் மாடி ஏறியது. "உங்க ஐயாவுக்குப் புரட்டாசியிலதான் பசி ஜாஸ்தி" என்று மீன்கார அக்கா கேலி செய்வாள். நானும் தலையாட்டுவேன். தூக்கத்திலேயே அது போனபோது, என் மனைவி அந்தக் காகிதத்தையும் அதோடு சேர்த்துப் புதைத்தாள்.

தம்பி, நீங்கள் கேட்ட மொத்தச் செலவு இதுதான். மீதி எல்லாம் சில்லறை. இந்த நல்ல பெயரை இத்தனை வருஷம் சுமந்ததுதான் எனக்கு அதிகமாக ஆன செலவு. இன்று அதை இறக்கிவைத்துவிட்டேன். லேசாக இருக்கிறது.

படிக்கிறவர்கள், பூனை வைத்திருக்கும் நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள். மொட்டையை மட்டும் சொல்லி மீனை விட்டுவிடாதீர்கள். பெருமாள் கனவில் வந்தார் என்று சேர்க்கவும் வேண்டாம்; வரவில்லை. தயிர் சாதம் வைத்தது நான். மத்தி வாங்கியது நாமத்தோடு, சனிக்கிழமை. இருக்கிறபடியே சொல்லுங்கள்.