மன்னரின் கன்னத்தில் இருந்த எழுத்து

ஹெப்பாளில் நான் அளவு பார்க்கும் வேலையில் இருக்கும் பிரஸ் ஷாப்பில், தகடு வைக்காமல் பிரஸ்ஸை ஓட்டிவிட்டால் டை எனப்படும் அச்சுகள், மேலதும் கீழதும், மோதிக்கொள்ளும். ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். அதன்பின் அடிக்கும் ஒவ்வொரு உருப்படியிலும் அந்தத் தழும்பு வரும். காசு அடிக்கும் இடத்திலும் இது நடப்பதுண்டு. அத்தகைய பழங்காசுகள் சில என்னிடம் இருக்கின்றன.

அது தெரிந்துதான் எங்கள் ஸ்டோர்ஸில் வேலை செய்யும் கௌதள்ளி ஊர்க்காரர், தன் காலஞ்சென்ற அப்பாவின் பெட்டியில் கிடைத்த காலணாவை என்னிடம் காட்டினார். மன்னரின் முகத்துக்கு முன்னால், சமதளத்தில், பின்பக்கத்து எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பிப் பள்ளமாகத் தெரிந்தன.

"டை மோதினதுதான்" என்றேன்.

"லட்சம் கெடைக்கும்னு யூடியூப்ல சொல்றாங்க சார்."

"லட்சமெல்லாம் சும்மா. இவ்வளவு அழுத்தமா இருந்தா சில ஆயிரம் கிடைக்கலாம்."

"அது போதுமுங்க. வண்டி இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துரலாம்."

வண்டி அவர் மனைவியுடையது. அது நின்றுபோனதிலிருந்து அந்தம்மா கார்மென்ட்ஸ் வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறார்; அதற்காக ஐந்து மணிக்கு முன்பே எழுகிறார். காசைக் காட்டிய அன்று மாலையே மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை மார்க்கெட் பக்கம் பழங்காசு வியாபாரியிடம் போனோம். கன்னடக்காரர்; எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

"இல்லி நோடி, இங்க பாருங்க சார், கன்னத்து மேலயும் எழுத்து இருக்கு. டையில மொகம் குழியா இருக்கும். எதிர் டை அந்தக் குழிக்குள்ள எப்படித் தொடும்? இது யாரோ அப்புறமா அமுக்கினது. அடிபட்ட காசு. எனக்கு வேண்டாம்."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். கன்னத்தில் இரண்டு எழுத்துகள் இருந்தன. நான் சமதளத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

"எங்கப்பா ஃபிட்டருங்க" என்றார் கௌதள்ளிக்காரர். "வேலைச் சாமான்ல கீறல் விழக்கூடாதுன்னு, சாமானை இறுக்கிப் பிடிக்கற வைஸ் வாய்க்கு ரெண்டு பக்கமும் காலணாவைக் கிரீஸ் தடவி ஒட்டுவாருங்க. சாயங்காலம் வெறும் வைஸை இறுக்கி வெச்சுட்டு வருவாரு. ரெண்டு காசும் ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கிக் கெடக்குமுங்க."

வெளியே வந்ததும், "வீட்டுல நீங்களே வந்து சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார்.

போய்ச் சொன்னேன். வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டுக்கொண்டார் அந்தம்மா.

"கன்னத்தை மொதல்லயே பாக்கலீங்களா?"

"பார்க்கலைம்மா."

"வருசம் பூரா அளவு பாக்கற வேலைதானுங்களே உங்களுக்கு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "அந்த வண்டிய வந்த வெலைக்குக் குடுத்துருங்க. எடத்தை அடைச்சுட்டு நிக்குது."

அவர் உள்ளே போய் வண்டியின் ஆர்சி புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்.