மணக்காத குளம்

என் அக்கா புருஷனுக்கு அந்தக் குடியிருப்பில் பெயரே கிடையாது. இருநூறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் 'பிளீச்சிங் அங்கிள்'. பதினாறு வருஷமாக நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். லிஃப்டில் ஏறி இறங்கினால் அவருக்குப் பிறகும் குளோரின் நெடி அதில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். அவர் சட்டைகளைத் துவைக்க அக்கா தனியாக ஒரு சிவப்பு வாளியே வைத்திருந்தாள்.

நெடியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஜன்னல் இல்லாத பம்ப் ரூமில் பவுடர் டப்பாவைத் திறந்து திறந்து, இருமல் நெஞ்சில் குடியேறிவிட்டது. "இனிமே அந்தப் பவுடர் பக்கமே போகாதீங்க. போனீங்கன்னா நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

மாமாவுக்குத் தெரிந்த ஒரே வழி, குளத்தை உப்புநீருக்கு மாற்றுவது. நான்கு வருஷம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் போய் நின்று சொன்னார். "கடல் தண்ணி மாதிரி கரிக்காதுங்க. கண்ணீர்ல இருக்கற உப்புகூட இருக்காது. அதுலருந்து மெஷினே வேணுங்கற குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும். கண்ணு எரியாது, தோல் வறளாது, டப்பா டப்பாவா மருந்து அடுக்க வேணாம்." ஒருவர், "கம்பியெல்லாம் துருப்பிடிக்குமே" என்பார். இன்னொருவர், "மீன் வளக்கலாமா?" என்று சிரிப்பார். அத்தோடு எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஐந்தாம் வருஷம் சங்கச் செயலாளரின் பேத்திக்குக் கண் சிவந்து வீங்கியது. மறுமாதமே மெஷின் வந்து இறங்கிவிட்டது! ஒரு மனிதன் வருஷக்கணக்காக இருமியது யார் காதிலும் விழவில்லை, அது வேறு விஷயம். அங்கே எலக்ட்ரீஷியன் நான்தான், ஒயரிங் என் கையால் செய்தேன்.

மூன்று வாரம் சொர்க்கம். பிள்ளைகள் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்து விளையாடினார்கள். மாமா இருமாமல் தூங்கினார். அக்கா சிவப்பு வாளியை என்னிடம் கொடுத்து லாஃப்டில் போடச் சொன்னாள்.

நாலாவது வாரம் புகார் கிளம்பியது. 'குளத்துப் பக்கம் போனால் ஒரு வாசனையும் இல்லை. மருந்து போடுகிறாரா, இல்லையா?' செயலாளர் நேரில் வந்தார். குனிந்தார். மோப்பம் பிடித்தார்.

மாமா சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துத் துளி விட்டுக் காட்டினார். "பாருங்க சார், கலர் சரியா வருது. குளோரின் அளவு கரெக்டா இருக்கு."

"அளவு இருக்கட்டுங்க. ஜனங்களுக்கு நம்பிக்கை வரணுமே! காலைல குளத்தைச் சுத்தி நாலு கை பிளீச்சிங் பவுடர் தூவிடுங்க. வாசனை வந்தாப் போதும்."

"சார், அந்த நெடி வேணாம்னுதானே மெஷினே போட்டோம்?"

"உள்ள யாரு போடச் சொன்னா? வெளியிலதான்."

"டாக்டர் என்னை..."

"மாஸ்க் கட்டிக்கோங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. செயலாளர் நகர்ந்ததும், "முடியாதுன்னு சொல்லுங்க மாமா" என்றேன்.

"சொன்னா வேற ஆளைப் போடுவாங்கடா. அவன் இந்த மெஷினையும் கெடுத்துடுவான். அப்புறம் நான் நாலு வருஷம் கத்தினதுக்கு என்ன அர்த்தம்?" கையிலிருந்த குழாயை அவர் ஓங்கியதைப் பார்த்து, உடைத்தேவிடுவார் என்று நினைத்தேன். கழுவி, துடைத்து, பெட்டியில் வைத்தார்.

மறுநாள் காலை முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றித் தூவினார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "அப்பாடா, இப்பதான் சுத்தமா இருக்கு" என்றார். அந்த ஆளை அப்படியே குளத்தில் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். படியேறும்போதே இருமல் சத்தம். அக்கா என்னை வா என்றுகூடக் கேட்கவில்லை. மாமாவின் சட்டையை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லாஃப்ட்லருந்து அந்த வாளியை எடுத்துக் குடுடா" என்றாள்.

ஸ்டூல் போட்டு ஏறி, எடுத்துக் கொடுத்தேன்.