சப்போர்ட் இல்லை என்று நான் சொன்ன பிரெய்ல் பிரிண்டர்

1. ஃபார்மேட்

புது ஓ.எஸ். ஏற்றி முடித்து, கேபிளைச் செருகி, டெஸ்ட் பேஜ் கொடுத்தேன். பிரிண்டர் அசையவில்லை.

சின்னமனூருக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடம் அது. பழைய ஓ.எஸ்.ஸில் அரசாங்க வெப்சைட் திறக்கவில்லை என்று தலைமையாசிரியை சிஸ்டர், தேனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த என்னை வரச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று கேட்காமலே ஃபார்மேட் அடித்தேன். இயற்பியலில் எம்.எஸ்சி. படித்தவன், இருபத்தைந்து வருட சர்வீஸ். கேட்டிருக்க வேண்டும்.

மாட்டியிருந்தது செலின் டீச்சரின் பிரெய்ல் பிரிண்டர். விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளைக் கனத்த தாளில் மேடாகக் குத்தித் தள்ளும் மெஷின். ஓடினால் மூன்று வகுப்பறைக்குக் கேட்கும். டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. வரலாறு எடுப்பார். சுற்றுவட்டாரத்தில் வேறு வேறு பள்ளிகளில் படித்த பார்வையற்ற பிள்ளைகள் நான்கு பேருக்கு, மயிலாடும்பாறை வரைக்கும், பாடங்களை இதில் அடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு வேறு புத்தகம் கிடையாது.

பிரிண்டரோடு வந்த டிரைவர், அதாவது அதை ஓட்டும் மென்பொருள், 32 பிட்டுக்கானது. நான் ஏற்றியது 64 பிட்; அதில் இது ஏறாது. இரண்டு மணி நேரம் நெட்டில் தேடினேன். டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

“என்ன சார், ரொம்ப நேரமா மவுஸ் சத்தம் மட்டும் வருது. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிருங்க. எனக்கு மட்டும் என்ன தெரியுதாக்கும்?”

சிஸ்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

“கம்பெனிக்காரனே சப்போர்ட்ட நிறுத்திட்டான் டீச்சர். இந்த ஜில்லாவுல யாரக் கூட்டியாந்தாலும் இது ஓடாது” என்றேன்.

கம்பெனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் தொழிலில் தெரியவில்லை என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்தான் “சப்போர்ட் இல்லை”. பழையதையே திரும்பப் போட முடியுமா என்று டீச்சர் கேட்டார். வைரஸ் வரும் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் வீரபாண்டியைத் தாண்டும்போது வழி தோன்றியது. ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்று ஒரு பொது டிரைவர் எல்லா ஓ.எஸ்.ஸிலும் இருக்கிறது. வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும். படமும் வண்ணமும் அச்சடிக்காது. பிரெய்ல் பிரிண்டர் எதிர்பார்ப்பதும் வெறும் எழுத்தைத்தான்; அதைப் புள்ளியாக்குவது மெஷினின் வேலை. பத்து நிமிடத்தில் முடிகிற காரியம்.

நான் இறங்கவில்லை. நாளைக்குப் போன் செய்து சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், நேற்று அத்தனை அழுத்தமாகச் சொல்லிவிட்டு இன்று எந்த முகத்தோடு சொல்வது என்று கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் போனபின் இனிமேல் சொன்னால் அசிங்கம் என்று தோன்றியது. அதன்பின் மறந்தும்போனேன்.

2. வலது கை

இரண்டு வருடம் கழித்து சிஸ்டர் யு.பி.எஸ். மாற்றக் கூப்பிட்டார். ஆபீஸில் டீச்சர் இருந்தார். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தது. விழுந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

மெஷின் நின்றபின் அவர் பழைய முறைக்குத் திரும்பியிருந்தார். தாளைச் சட்டத்தில் மாட்டி, கூர்முனை ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் கையால் குத்துவது. நான்கு பிள்ளைகளின் பாடங்களையும் அப்படியே குத்தினார். பள்ளி விட்டால் ஊசி, ஞாயிறு பூசை முடிந்தால் ஊசி. மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போயின. பரீட்சை முடியட்டும், முடியட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டார். ஆபரேஷன் நடந்தது, உணர்ச்சி திரும்பவில்லை.

“உணர்ச்சி வரும்னுதான் டாக்டர் சொன்னாக. வரல. இந்த ஆள்காட்டி விரல்லதான் சார் நான் படிக்கிறது.”

நான் யு.பி.எஸ். வேலையை விட்டுவிட்டு அந்த பிரிண்டர் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்களாம், டீச்சர்தான் விடவில்லை. பீரோவுக்குப் பின்னால் துணி போர்த்திக் கிடந்தது. கேபிளைச் செருகி, திரையில் ஆட் பிரிண்டர், போர்ட் எல்.பி.டி. ஒன்று, ஜெனரிக், ஓகே என்று வரிசையாக அழுத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தடதடவென்று தாள் வெளியே வந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

டீச்சர் தாளை வாங்கி வலது விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு இடது கைக்கு மாற்றி, முதல் வரியைப் புதிதாகப் படிக்கக் கற்கும் பிள்ளையைப்போல எழுத்தெழுத்தாகத் தடவினார்.

“இந்த வழி அன்னைக்கு இல்லையா சார்?”

“இல்ல டீச்சர். இப்பத்தான் அப்டேட்ல வந்துச்சு.”

“அதான பாத்தேன். இருந்தா அப்பிடியே விட்டுட்டுப் போயிருப்பீகளா நீங்க?”

3. சொன்னது

போன மாதம், கடையை ஒரேயடியாக மூடிவிட்ட பிறகு, டீச்சரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். முன்வாசலில் நாற்காலி போட்டார். பஸ்ஸில் எனக்குத் தோன்றியதையும், நான் இறங்காததையும், அப்டேட் என்று சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“விரல் போனதுக்கு யார்மேலயும் வருத்தமில்லாம இருந்தேன் சார். நடந்தது நடந்துபோச்சுன்னு கெடந்தேன். இப்ப உங்க மேல வருத்தப்படணும். உங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. நான் இத எங்கன கொண்டு போயி எறக்க?”

எழுந்து வந்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பும் வழியில் விடை தோன்றினால் அன்றைக்கே திரும்பிப் போங்கள். கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான். என்னைப்போல நாள் கடத்தினால், நீங்கள் கேட்கும் மன்னிப்புகூட அவர்களுக்கு இன்னொரு கஷ்டமாகத்தான் போய்ச் சேரும்.