சொந்தத் தெரு கடைசியில்

உலகம் உண்டான நாளிலிருந்து சட்டசபைக்குள் காலடி வைத்தவர்களிலேயே ஆகப் பெரிய ஆள் வார்டம்மாதான். அவர் பேச எழுந்தால் சபாநாயகரின் நாற்காலி தானாகவே பின்னால் நகரும். அவர் முறைத்தால் அடைத்துக்கொண்ட சாக்கடை, "மன்னிச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பிக்கும். ஒருமுறை அவர் தும்மியதில் மூன்று அமைச்சர்கள் ராஜினாமா செய்தார்கள்.

சரி, தும்மல் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் சாக்கடை விஷயம் பாதிக்குப் பாதி உண்மை.

ஆரம்பத்தில் அவருக்குக் காஜா எடுக்கும் வேலை. துணிக்கடைக்காரர் கட்டுக் கட்டாகச் சட்டை கொடுத்தனுப்புவார். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பொத்தான் ஓட்டை தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணவர் கொத்து வேலை செய்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் மேஸ்திரி. மழை வந்தால் தெருச் சாக்கடை விருந்தாளி மாதிரி வாசல் ஏறி உள்ளே வரும். ஒரு மழையில் தைத்து முடித்த சட்டைகள் அத்தனையும் நனைந்து நாறிப்போயின. வார்டம்மா மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நகரசபை அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவின் மேசை மேல் வைத்தார்.

"என்னம்மா இது? இதை ஏன் இங்க கொண்டாந்தீங்க?"

"உங்க சாக்கடைத் தண்ணிதானே சார். உங்களோடதை உங்ககிட்டயே குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு வார்டு மெம்பரைப் பார்க்கச் சொன்னார். வார்டு மெம்பர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் தேர்தல்.

"நானே நிக்கட்டுமாங்க?" என்று வீட்டில் கேட்டார்.

"எங்க?" என்றார் மேஸ்திரி.

"தேர்தல்ல."

"அப்பாடா. நான் மறுபடியும் தண்ணியிலயோன்னு நெனச்சேன்."

நின்றார், ஜெயித்தும் விட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை. அன்றைக்கு ஒட்டிய 'வார்டம்மா' என்ற பெயர் அப்புறம் அவர் எவ்வளவு உயரம் போனாலும் உரியவே இல்லை.

வேலை பார்க்கும் விதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஜோடிதான். காலையில் வார்டம்மா முன்னால் போய், மூடி போட்ட சாக்கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். பின்னால் வரும் மேஸ்திரி குந்தி உட்கார்ந்து கொத்துக் கரண்டியின் பிடியால் ஒவ்வொரு மூடியையும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். "இது சொல்லுது" என்றால் நல்ல சிமெண்ட். "இது மழுப்புது" என்றால் காண்ட்ராக்டர் மணலை அள்ளிப் போட்டிருக்கிறார். காண்ட்ராக்டர்கள் அவரைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டார்கள்.

மேஸ்திரி தான் போட்ட மூடிகளில் மட்டும், சாந்து ஈரமாக இருக்கும்போதே, ஒரு மூலையில் கரண்டி நுனியை அழுத்திவிடுவார். நுனி கொஞ்சம் உடைந்த கரண்டி. அதனால் அந்த அடையாளம் கடித்த பிஸ்கெட் மாதிரி விழும்.

"பெரிய ஓவியரு, கையெழுத்து வேற போடறாரு" என்று வார்டம்மா சீண்டுவார்.

"பின்னாடி ஒருநாள் உடைஞ்சா யாரைத் திட்டணும்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

வீட்டுக்கு வந்ததும் கரண்டியைக் கழுவி, துணியால் துடைத்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். பசியில் உயிர் போனாலும் அதில் மாற்றம் கிடையாது.

இனி, வார்டம்மா கொடுத்த, எல்லாவற்றையும் கெடுத்த அந்த வாக்குக்கு வரலாம்.

வார்டு முழுக்கச் சாக்கடைக்குப் புது மூடி போட முதல் தடவை பணம் வந்தபோது, நகரசபைக் கூட்டத்தில் ஒரு பல்செட்டு உறுப்பினர் எழுந்து, "அம்மா வாசல்லேர்ந்துதானே ஆரம்பிப்பீங்க? ஆரம்பிங்க, ஆரம்பிங்க" என்று இளித்தார். கூடமே சிரித்தது. வார்டம்மாவுக்குக் காது மடல் சிவந்துபோனது. எழுந்து நின்றார்.

"என் தெரு கடைசி. எல்லாத் தெருவும் முடிஞ்ச அப்புறம்தான் என் தெரு. எழுதிக்குங்க."

கைதட்டினார்கள். பல்செட்டும் தட்டினார். அந்தச் சத்தம் வார்டம்மாவின் காதை விட்டுப் போகவே இல்லை. பணமோ ஒவ்வொரு தடவையும் கடைசிக்கு முந்தின தெருவோடு தீர்ந்துபோகும். அடுத்த தடவை பணம் வருவதற்குள் முதலில் போட்ட தெருவில் மூடி உடைந்திருக்கும். மறுபடியும் அங்கிருந்து ஆரம்பிப்பார்கள்.

"நம்ம தெருவுல எலக்‌ஷன்ல ஜெயிச்சவங்க ஒருத்தர் குடியிருக்காங்களாமே. யாராவது பார்த்தீங்களா?" என்பார் எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர், வார்டம்மா குடத்தோடு குழாயடியில் நிற்கும்போதே.

"பார்த்தேன் டீச்சர். பாவம், அவங்களும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாங்க."

சிரிப்போடு சிரிப்பாக வருஷங்கள் போயின. நல்ல பெயர் பரவியது. கட்சி அவரைச் சட்டமன்றத் தேர்தலில் நிறுத்தியது. அதிலும் ஜெயித்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய பதவி. உள்ளே போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும். வார்டு உறுப்பினராக இருந்தபோது ஒரு சாக்கடை அடைத்தால் துப்புரவு ஆட்களைக் கையோடு கூட்டிப் போய்ப் பக்கத்திலேயே நிற்பார். மதியத்துக்குள் தண்ணீர் ஓடும். சட்டசபையில் அதே சாக்கடைக்குக் கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும். கேள்வி வரிசைக்கு வர வேண்டும். அமைச்சர் எழுந்து "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லிவிட்டு உட்காருவார். பதவி ஏற ஏறக் கை குட்டையாகிக்கொண்டே வந்தது.

"நீ மேல போகப் போக நம்ம தெரு கீழ போகுது" என்றார் மேஸ்திரி, வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தவரிடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த வாரம் அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே சாக்கடையின் பழைய மூடி ஒன்று உடைந்து உள்ளே விழுந்திருந்தது. ஆள் இறங்குகிற அளவுக்குப் பொந்து.

"ஒரு மூட்டை சிமெண்ட், ஒரு காலை வேலை. நானே போட்டுடறேன்" என்றார் மேஸ்திரி.

"வேணாங்க."

"ஏன்?"

"சட்டமன்ற உறுப்பினர் புருஷன் தன் வாசலுக்கு மட்டும் போட்டுக்கிட்டார்னு பேசுவாங்க. இந்தத் தடவை பணம் வந்தா நம்ம தெருவும் முடிஞ்சுரும். வரிசை வரட்டும்."

மேஸ்திரி பொந்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் மூடி போட்ட ஆள். "சரிம்மா. உன் வாக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பலகையை எடுத்துப் பொந்தின் மேல் வைத்து, ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டிப் பக்கத்தில் நட்டார்.

பெருமழை வந்த அன்று சட்டசபை நடந்துகொண்டிருந்தது. வார்டம்மா, தொகுதியின் கோடியில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் வடிகாலுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகப் பேசினார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள். அப்போது சபை ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, "இருங்க, ரெண்டே நிமிஷம்" என்று கையைக் காட்டினார். ஊழியர் தயங்கி நின்றார். வார்டம்மா பேச்சை முடித்தார். மேசைகளைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஊழியர் விஷயத்தைக் காதில் சொன்னார்.

தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறி, பலகை மிதந்து போயிருக்கிறது. கம்பும் சாய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரம். பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வருவார்கள் என்று மேஸ்திரி வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, பொந்தின் மேல் வைத்துவிட்டு வரலாம் என்று இறங்கியிருக்கிறார். நாற்காலி நின்றது. அவர் கால்தான் வழுக்கியது. விழுந்த வேகத்தில் தலை சாக்கடை விளிம்பில் அடித்திருக்கிறது. பாட்டு டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் இழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருந்தது. வார்டம்மா வரும் வரைக்கும் இல்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் நகரசபை லாரி தெருவுக்குள் வந்தது. ஜல்லி, மணல், கம்பி, ஆட்கள். இத்தனை வருஷம் வராத லாரி. வார்டம்மா வாசலுக்கு வந்து நின்றார்.

"யாரு வரச் சொன்னது? எங்க தெரு முறை இன்னும் வரலையே."

கூட்டி வந்த எஞ்சினியர் தலையைக் குனிந்துகொண்டார். கலவை போடும் ஆள், மேஸ்திரியிடம் தொழில் கற்றவர், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குப் போடலம்மா. அண்ணனுக்குப் போடறோம். அவரு சொன்னப்பவே போட விட்டிருந்தா நாங்க ஏன் வரப்போறோம்?"

சொன்னதும் பயந்துபோனார். வார்டம்மா உள்ளே போய், அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

மறுநாள் காலை பாட்டு டீச்சர் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. வாசலுக்கு நேர் எதிரே, புது மூடியின் மூலையில், கடித்த பிஸ்கெட் மாதிரி ஒரு அடையாளம்.

"மேஸ்திரி வந்துட்டுப் போயிருக்காரு! சத்தியமா அவருதான்! அவரைத் தவிர யாருக்கு வரும் இது?"

அதைப் பதித்தது யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. யாரோ.

அத்தனை நாளும் கண் கலங்காமல் இருந்த வார்டம்மா, எல்லாரும் பார்க்கத் தெருவிலேயே உட்கார்ந்தார். அந்தப் பள்ளத்தில் ஒரு விரலை வைத்தார். "இப்ப யாரைத் திட்டறது?" என்று கேட்டார். "சொல்லுங்க, உடைஞ்சா யாரைத் திட்டணும்?" பிறகு அழுகைதான். பாட்டு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். "அம்மா, இந்தத் தடவை நீங்க வீட்டைவிட்டே வெளிய வர வேணாம். அனுதாபத்துலயே அள்ளிடலாம்" என்றார்கள்.

"அவரு செத்ததுக்கு ஓட்டுக் கேக்கச் சொல்றீங்களா?" என்றார். அவர்கள் கொண்டுவந்த பழங்களை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

இப்போது மறுபடி காஜா எடுக்கிறார். காலையில் மட்டும் கொஞ்சம் நடப்பார். மூடிகளைக் கால் கட்டை விரலால் தட்டிப் பார்ப்பார். சொல்கிறதா மழுப்புகிறதா என்று அவருக்குக் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்த காது போய்விட்டது. தன் வாசலுக்கு எதிரே இருக்கும் மூடியை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்.

இதுவரை எழுதியதை அவரே வாங்கிப் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல், உதடு அசைய. முடித்ததும் எழுதியவளை, அதாவது சாவுக்கு வந்து அந்த வாரம் முழுக்க அவர் வீட்டிலேயே தங்கியிருந்த தங்கை மகளை, சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"ஏண்டி, நான் தும்முனதுல மூணு மந்திரி ராஜினாமாவா?"

"சும்மா, ஒரு இதுக்கு எழுதினது பெரியம்மா."

"இருக்கட்டும். அது உன் வாய்க்கொழுப்பு."

அவர் கதவைச் சாத்தினார். பின்னால் ஆணியில் கொத்துக் கரண்டி தொங்கியது. அதன் நுனியில் சாந்து காய்ந்து கல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது.

"யாரோன்னு எழுதியிருக்கியே, அந்த யாரோகிட்ட சொல்லு" என்றார். "உங்க பெரியப்பா ஒருநாளும் கரண்டியைக் கழுவாம மாட்டினதில்ல."