நுன்சியாவின் ஏணி

தெற்கு இத்தாலியில், எங்கள் அவெர்சா பக்கத்தில் திராட்சைக்கொடி பாப்ளர் மரங்களைப் பற்றிக்கொண்டு ஏழெட்டு ஆள் உயரம் ஏறிவிடும். அந்த வெள்ளைத் திராட்சையில் செய்வதுதான் அஸ்பிரீனியோ ஒயின். முதல் மிடறிலேயே பல் கூசும். பறிப்பவர்களுக்கு ஆளுக்கொரு ஒல்லி ஏணி உண்டு. படிகளின் இடைவெளி அவரவர் கால் அளவுக்கு இருக்கும். படிக்குள் முழங்காலை நுழைத்துப் பூட்டிக்கொண்டால்தான் மேலே இரண்டு கைகளும் பறிக்க ஒழியும்.

1956-இல் விஞ்சென்ஸோ இறந்ததும், அவன் பறித்துவந்த பன்னிரண்டு மரங்களில் அவன் மனைவி நுன்சியா ஏறினாள். அவள் குள்ளம், ஏணியோ புருஷனுடையது. பாதி உயரத்தில் முழங்கால் பிடிக்காமல் சறுக்கி வந்தாள். உள்ளங்கைகள் உரிந்துவிட்டன.

நிலக்காரர் தொன் காயெத்தானோ சொன்னார்: “சனிக்கிழமைக்குள்ள பறிச்சு முடி. இல்லன்னா மரமெல்லாம் பக்கத்து ஊர்ல பறிக்கிற ரோக்கோவுக்கு.”

அன்று திங்கள். கீழே நின்று கூடை வாங்குகிறவள் நான். ஏணி செய்யும் ஆனியெல்லோவிடம் அவளோடு போனேன்.

“ஆசாரி, ஏணி வேணும். அளவெடுங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“பொம்பள காலையா அளக்கச் சொல்ற? ஊரே சிரிக்கும். போம்மா.”

நுன்சியா செருப்பைக் கழற்றினாள். இடது காலைத் தூக்கி, உளிக்கும் ரம்பத்துக்கும் நடுவே மேசைமேல் வைத்தாள்.

“பாவாடையோடயே அளங்க. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். எனக்கு அஞ்சு நாள்தான் இருக்கு.”

அவர் வாசலைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நூலை எடுத்தார்.

புதன்கிழமை ஏணி வந்தது. சனிக்கிழமை காலை அவள் கடைசி மரத்தின் உச்சியில் இருந்தாள். மண்ணில் குத்தி நிற்க அடியைக் கூராகப் பின்னிய கூடைகள் நிறைந்து கிளைகளில் தொங்கின. ஒயின் வியாபாரியின் வண்டி வரப்பில் காத்திருந்தது. அப்போது ரோக்கோவைக் கூட்டிக்கொண்டு தொன் காயெத்தானோ வந்தார்.

“பறிச்சவரைக்கும் போதும், எறங்கு. அடுத்த வருஷம் ரோக்கோ பாத்துப்பான். பொம்பள மரமேறுனா எனக்கில்ல அசிங்கம்!”

“சனிக்கிழமைன்னு சொன்னது யாரு?”

“எறங்கி வா, பேசலாம்.”

“இங்கேயே நல்லா கேக்குது. பேசுங்க.”

கூடை இறக்குவதை நிறுத்தினாள். முழங்காலைப் பூட்டியபடி ஒரு கொத்தைப் பறித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

ரோக்கோ அதே ஏணியில் ஏறினான். ஆறாவது படியிலேயே அவன் முட்டி படிக்குள் நுழையவில்லை.

“இது ஏணியா, கோழிக்கூண்டா?”

“உன் காலை வெட்டிட்டு ஏறு, சரியாயிரும்!”

அவன் முணுமுணுத்தபடி இறங்கினான். அவன் ஏணி பக்கத்து ஊரில் கிடந்தது.

வண்டிக்காரன் கடிவாளத்தை எடுத்தான். “ஐயா, நான் வேற தோட்டம் பாக்கவா?”

தொன் காயெத்தானோ அண்ணாந்தார். “சரி. மரம் உனக்கு.”

“பன்னெண்டுமா?”

“பன்னெண்டும்தான்.”

“அடுத்த வருஷமும்?”

குதிரை ஓரடி நகர்ந்தது.

“அடுத்த வருஷமும்! கூடைய எறக்குடி!”

“வண்டிக்காரரே, கேட்டீங்களா?”

“நல்லாவே கேட்டுச்சு தாயி.”

கயிறு ஓடியது. கூடையின் கூர்முனை தொன் காயெத்தானோவின் பளபளக்கும் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அவர் பின்வாங்கினார். நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.