முப்பது லீட்டர் கடலை

போன மாதம் ஒரு நாள். வேலை முடிந்து, களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறேன். குசினிக்குள் என் கணவர் சிவம், தன்னுடைய வேட்டிக்குள் ஒரு பைக்கற் றவையைக் கொட்டி, அதைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சும்மா வேட்டி இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி.

"இஞ்சாருங்கோ... என்ன நடக்குது?"

"சத்தம் போடாதையும். பரிசோதனை."

கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இந்த மனிதர் குசினியில் செய்த முதல் பரிசோதனை இது. றவை வேட்டியோடு ஒட்டிப்போய்க் களியாகி விட்டது. தண்ணீர் ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. "பருத்தி சரிவராது," என்று தனக்குள்ளேயே சொன்னார். பெரிய கண்டுபிடிப்பு! வேட்டியைத் தோய்ப்பது யார் என்பது பற்றி அந்த விஞ்ஞானிக்கு ஒரு கவலையும் இல்லை.

விசயம் இதுதான். எங்கள் பின்வீட்டில் பென்ற் என்று ஒரு டேனிஷ்காரர். கராஜில் பியர் காய்ச்சுவார். இந்த நாட்டில் அது குற்றமில்லை. சிலர் வீட்டில் பாண் சுடுவது மாதிரி சிலர் வீட்டில் குடிக்க பியர் காய்ச்சுகிறார்கள். சிவத்துக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மிச்ச நாட்களில் யூரியூப். பென்றும் யூரியூப்பும் சேர்ந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும்? இப்படித்தான் ஆகும். தானும் பென்றின் கராஜில் பியர் காய்ச்சப் போகிறாராம்.

பியர் காய்ச்ச, முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லியை உடைத்து ஒரு பெரிய பையில் போட்டு, சுடுதண்ணீர்ப் பானைக்குள் ஊறவைக்க வேண்டும். பிறகு பையை அப்படியே தூக்கி வடிக்க வேண்டும். பெரிய தேயிலைப் பை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது. அறுபத்தேழு டிகிரி, ஒரு மணித்தியாலம். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. இந்த அறுபத்தேழை அவர் மந்திரம் மாதிரி சொல்லித் திரிந்தார். என் பிறந்தநாள் அவருக்கு மறந்துபோகும். அறுபத்தேழு மறக்காது.

பையைக் கடையில் வாங்கலாம்தானே? வாங்கலாம். "ஆனால் நான் இக்காஸ்ட்காரனெல்லே," என்கிறார். இக்காஸ்ட் என்கிற எங்கள் டேனிஷ் ஊர் துணி ஆலை ஊர். இவர் ஆலையில் வேலை செய்தது உண்மை. களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கினார். பெட்டிக்குள் துணி இருந்தது. அந்த உறவில்தான் இவர் துணி நிபுணர்.

அந்தத் துணி எப்படி இருக்க வேண்டும்? சூட்டைத் தாங்க வேண்டும். சாயம் விடக் கூடாது. உள்ளே இருக்கிற தவிடு வெளியே வரக் கூடாது, வெளியே வரவேண்டிய சாறு உள்ளே நிற்கக் கூடாது. ஈரப் பாரத்தோடு தூக்கினால் இழுபடவும் கூடாது, கிழியவும் கூடாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவருடைய அம்மாகூட இவ்வளவு நிபந்தனை போடவில்லை.

பார்லிக்குப் பதிலாக றவையை வைத்துத்தான் பரிசோதனை. வேட்டிக்குப் பிறகு நுளம்பு வலை. கண் பெரிது, றவை முழுவதும் சிங்குக்குள் போய்விட்டது. அடுத்து, ஆலையில் வேலை செய்த காலத்தில் வாங்கிய பின்னல் துணி. ரீசேட் தைக்கிற ரகம். தூக்கினார். துணி நீண்டது... நீண்டது... அடி நிலத்தைத் தொட்டது, மேற்பக்கம் இன்னும் அவர் கையில் இருந்தது. அதற்கு அடுத்த நாள் என் பச்சை ஜோர்ஜெற் சேலையின் முந்தானை சுடுதண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீரும் பச்சை. நான் போட்ட சத்தத்தில் பென்ற் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

கடைசியில் இவருடைய கண் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குப் போனது. அங்கே தொங்கியது வொயில். வெளிச்சத்துக்குப் போடுகிற மெல்லிசு பொலியெஸ்ரர்த் திரை. ஊதிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "இதுதான்!" என்றார்.

"அதிலை கை வைச்சால் கையை முறிப்பன்," என்றேன். "கடையிலை புதுசா வாங்கித் தைச்சுத் தாறன். என்ரை வீட்டை விடுங்கோ."

இதற்கிடையில் வைலே நகரத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பிறந்தநாள் விழா. எங்கள் விழாக்கள் உங்களுக்குத் தெரியும். உள்ளே கேக். வெளியே, வாகனத் தரிப்பிடத்தில், ஏதோவொரு காரின் பின்பெட்டி திறந்திருக்கும். அதைச் சுற்றி ஆண்கள், கையில் கடதாசிக் குவளை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உள்ளே இருக்கிற அத்தனை பெண்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது எங்கள் பண்பாடு.

சாப்பிடக் கூப்பிடப் போன நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். பேச்சு துணியைப் பற்றி! சிவம் கெட்டிக்காரத்தனமாக, "பின்வீட்டு பென்ற் பியர் காய்ச்சிறார், அவருக்கு ஒரு துணி வேணுமாம்," என்று தொடங்கியிருக்கிறார். ஒருவர் லினன் என்கிறார். ஒருவர் சாக்கு என்கிறார். தோய்க்கிற மெஷினில் எந்தப் பட்டனை அமத்துவது என்று தெரியாத மனிதர்கள்! நூலின் தடிப்பைப் பற்றி என்ன ஒரு விவாதம்!

அப்போது எங்கள் கோயில் தலைவர் நடராசா அண்ணை தொண்டையைச் செருமினார். "கோலாதான் குடிக்கிறன்" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுகிற மனிதர்.

"வெள்ளைக்காரன் காய்ச்சினால் அது பொழுதுபோக்கு. எங்கடை ஆக்கள் ஆராவது வீட்டிலை காய்ச்சினால்... அதுக்குப் பேர் கசிப்பு, கள்ளச் சாராயம். அப்பிடிப்பட்ட குடும்பத்தைக் கோயில் வாசல்லையும் சேர்க்கக் கூடாது."

எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். குவளைகளும் ஆடின.

கசிப்பு! விமான நிலையத்துப் போத்தலில் வந்தால் விருந்தோம்பல், வீட்டுப் பானையில் வந்தால் கசிப்பா? கோபமும் வந்தது, அதைவிடக் கூடப் பயமும் வந்தது. நான் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தாலும், பின்னேரங்களில் இந்த ஊர்ப் பெண்களுக்குச் சேலைச் சட்டை தைக்கிறவள். வெள்ளிக்கிழமை என்றால் கோயிலில் நிற்கிறவள். அங்கே முகம் கொடுக்க முடியாமல் போனால் இந்தக் குளிரில் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

இந்தப் பயத்தோடுதான் வொயில் வாங்கக் கடைக்குப் போனேன். நல்ல வெள்ளை. நெருக்கமான நெசவு. கடைக்காரப் பெண் வெட்டிக்கொண்டு இருக்கிறாள். பின்னால் ஒரு குரல்.

"என்ன பிள்ளை, இவ்வளவு துணி? ஆருக்கு?"

பத்மா அக்கா. கோயில் மடைப்பள்ளிக்குப் பொறுப்பு. எங்கள் ஊரில் வட்ஸ்அப் வேலை செய்யாத நாட்களில் பத்மா அக்கா வேலை செய்வா.

வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "கோயிலுக்கு அக்கா... சாமிக்குத் திரைச்சீலை."

ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டு ஜன்னலுக்கு என்று சொல்லியிருக்கலாமே? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பயந்த மனம் நேரே கடவுளிடம்தான் ஓடும் போலிருக்கிறது.

பத்மா அக்கா துணியைப் பிடித்துப் பார்த்தா. அதற்குள்ளால் அவவின் விரல்கள் ஐந்தும் தெரிந்தன. "இதுக்குள்ளாலை சாமி தெரியுமே?"

"இது... உள்பக்கம் அக்கா. வெளியிலை பட்டு வரும்."

நான் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, தலைவர் ரெலிபோனில். "தங்கச்சி, பெரிய புண்ணியம்! வாற வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் புதுத்திரை எண்டு அறிவிச்சிட்டன்."

சிவத்திடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "வாங்கின வொயிலையே நாலா மடிச்சுத் தைச்சால் என்ன? மிச்சத்திலை பை."

"அட பாவி மனிசா! ஒரே துணியிலை சாமிக்குத் திரையும் உங்கடை பியருக்குப் பையுமோ?" எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் உண்மையாகவே கடவுளுக்குப் பயந்தவள். மறுநாளே போய்த் தடித்த மெரூன் பட்டு வாங்கினேன். கரைக்குச் சரிகை. அந்த வாரம் முழுவதும் என் மெஷினில் முதலில் திரை ஓடியது, பிறகு கைகால் கழுவிவிட்டுப் பை ஓடியது. கழுவவேண்டியது திரைக்கு முதல் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. பையையும் நன்றாகத்தான் தைத்தேன். இரட்டைத் தையல், வாயில் இழுகயிறு, தூக்க நாலு காது. கை பழகிவிட்டது, என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை. இரண்டும் ஒரே கடையின் கடதாசிப் பைகளுக்குள், எங்கள் காரின் பின்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில். கோயில் முடிந்து போகும்போது பென்றிடம் கொடுக்கிறதற்கு மற்றது. "மெரூன் உள்ளதை எடுத்துக்கொண்டு வாங்கோ," என்று தெளிவாகச் சொன்னேன். கேட்டாரா?

சனம் நிறைந்திருக்கிறது. தலைவர் பொதியை வாங்கி, எங்கள் குடும்பத்தின் பக்தியைப் பற்றி ஒரு சின்னப் பேச்சுப் பேசி, கையை உள்ளே விட்டு இழுத்தார்.

வெள்ளைப் பை வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போல அவ்வளவு பெரிய பை. இழுகயிறு ஆடிக்கொண்டு தொங்கியது.

பிள்ளையாரப்பா, இந்த நிலம் பிளக்காதா?

"இதென்ன பை?" பத்மா அக்கா.

கோயிலில் வாயே திறக்காத என் கணவர் வாயைத் திறந்தார். "கடலை... கடலை அவிக்கிறது."

"என்னது?"

"பைக்குள்ளை கடலையைப் போட்டு, பானைக்குள்ளை விட்டு, அவிஞ்சோடனை அப்பிடியே தூக்கலாம். வடிக்கத் தேவையில்லை."

பத்மா அக்கா பையை வாங்கினா. காதைப் பிடித்து இழுத்தா. தையலை நகத்தால் கிளறினா. என் உயிர் அந்த நகத்தில் நின்றது.

"அட கடவுளே!" என்றா. "எத்தினை வருசமா அந்தப் பெரிய பானையைச் சரிச்சு வடிச்சு என்ரை நாரி முறியுது! இதை ஏன் பிள்ளை முதலே செய்யேல்லை?" பையை மார்போடு அணைத்துக்கொண்டு மடைப்பள்ளிக்குள் போய்விட்டா. சிவம் ஓடிப்போய் மெரூன் பொதியைக் கொண்டுவந்தார். திரை ஏறியது. பூசை நடந்தது. நான் கும்பிட்ட கும்பிடு பிள்ளையாருக்கு மட்டும் தெரியும்.

அடுத்த நாள் காலை எங்கள் படுக்கையறை ஜன்னலில் வொயில் இல்லை. நானே கழற்றிப் பையாகத் தைத்துக் கொடுத்தேன். உயிரைக் காப்பாற்றிய மனிதருக்கு அதுகூடச் செய்யக் கூடாதா? பியர் எப்படி என்று கேட்காதீர்கள். பென்ற் நல்லது என்கிறார். பென்ற் எதையும் நல்லது என்பார்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் ரெலிபோன்கள் தொடங்கின. "அக்கா, எனக்கும் ஒரு கடலைப் பை." முதலில் பெண்கள், நியாயம். பிறகு ஆண்கள். கடலையை இரவே ஊறப்போட வேண்டும் என்றுகூடத் தெரியாத ஆண்கள்! ஓகூஸ் நகரத்திலிருந்து ஒருவர், தன் வீட்டுக்குத் தெரியாமல் அனுப்பச் சொன்னார். கடலையை ஏன் ஒளித்து அவிக்க வேண்டும்? நான் கேட்கவில்லை. "உங்கடை ஆக்கள் எல்லாரும் ஒரே நேரத்திலை வீடு மாறுறியளோ?" என்று துணிக்கடைப் பெண்தான் டேனிஷில் கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தலைவர் நடராசா அண்ணை எடுத்தார்.

"தங்கச்சி, அந்தக் கடலைப் பை... எனக்கும் ஒண்டு தைச்சுத் தருவியளே?"

"அதுக்கென்ன அண்ணை. என்ன அளவு?"

"முப்பது லீட்டர்ப் பானைக்கு."

"கோயிலுக்கோ?"

"இல்லையில்லை, வீட்டுக்குத்தான். விரதத்துக்கு."

அந்த வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். மனைவிக்குக் கடலை வாய்வு, தொடவே மாட்டா. தலைவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி... ஒரு சின்னச் சந்தேகம். அறுபத்தேழு டிகிரியிலை ஒரு மணித்தியாலம் கிடந்தால் துணி தாங்குமோ?"

"தாங்கும் அண்ணை," என்றேன். "சாமிக்குத் திரை தைச்ச கையெல்லே."

கடலை அவிக்க நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு சமையற் குறிப்பு: அறுபத்தேழு டிகிரியில் எந்தக் கடலையும் அவியாது.